ஒலிமானியின் முள்ளும் மிருதங்கத்தின் அடியும்

அளத்தல் எளிய தொழில் போலத் தோன்றும். நெல்லை மரக்காலாலும், பாலை உழக்காலும், துணியை முழக்கோலாலும் அளந்து வந்த நம் முன்னோர்க்கு, அளக்கப்படும் பொருள் அளந்து முடியும் வரையில் அசையாது நின்று உதவியது. ஒலியோ அங்ஙனம் நிற்பதன்று. பிறந்த கணத்திலேயே மறையத் தொடங்கும் இயல்பினது. அதனை அளக்கப் புகுவோன் முதற்கண் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உளது. ஒலி எவ்வளவு உரத்துக் கேட்டது என்பதை அறிய விரும்புகின்றானா? அன்றி, அவ்வொலி எவ்வளவு உயரம் எழுந்து தாழ்ந்தது என்பதை அறிய விரும்புகின்றானா? முன்னது செவியின் வினா. பின்னது யந்திரத்தின் வினா. இரண்டும் ஒன்றென மயங்கியதால் பழுதுபட்ட கச்சேரிப் பதிவுகள் பல. ஆதலின் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறும் கருவிகளைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு மயிலாப்பூரினும் தகுதி வாய்ந்த இடம் வேறொன்று உண்டோ என யாம் ஐயுறுகின்றோம். மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபையிலிருந்து தியாகராய நகர் வாணி மகால், கிருஷ்ண கான சபை வரையிலும், சங்கீத வித்வத் சபையிலிருந்து அடையாற்றுக்கு அப்பாலுள்ள கலாக்ஷேத்திரம் வரையிலும், காலை முதல் இரவு வரை பாட்டும் தாளமும் ஓய்வதில்லை. அவ்வரங்குகள் ஒவ்வொன்றிலும், மேடைக்கு எதிரே, பலரும் திரும்பிப் பாராத ஓர் மூலையில், ஒலிக்கட்டுப்பாட்டுப் பலகையின் முன் ஒருவர் அமர்ந்திருப்பார். பாடகர் முகத்தை நாம் பார்க்க, அவர் தம் முன்னுள்ள முள்ளையோ விளக்குகளையோ பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைய ஆலாபனை மறுநாள் அவ்வாறே பிறவாது. அதனைப் பதிவு செய்கின்றவர் கையில் இருப்பது ஒரே முறை கிட்டும் பொருள். அவர் பார்க்கும் முள் என்ன சொல்லுகின்றது, என்ன சொல்லாது விடுகின்றது என்பதை அவர் அறியாராயின், இழந்ததை மீட்க வழியில்லை. நம் கல்லூரி விழாக்களிலும் இப்பொழுது மாணவர்களே பதிவுப் பொறுப்பை ஏற்கின்றனராதலின், இஃது அவர்களுக்கும் உரிய பாடமே.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. ஒலிவாங்கி அவ்வழுத்த மாறுதலை மின்னழுத்த மாறுதலாக்கித் தருகின்றது. அதனைக் கோட்டுப்படமாக வரைந்தால் மலையும் மடுவுமாகத் தோன்றும். தம்புராவின் படம் ஏறக்குறைய ஒத்த உயரமுடைய அலைகளின் வரிசை. கடற்கரையில் காற்றில்லாத நாளின் அலைகளைப் போல்வது. மிருதங்கத்தின் படமோ முற்றும் வேறு. விரல் தோலில் பட்டவுடன் ஒரு செங்குத்தான சிகரம் எழும். சில மில்லிசெகண்டுகளில் அது சரிந்துவிடும். பின் நாதம் தேய்ந்து நிற்கும். மில்லிசெகண்டு என்பது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிகரத்தின் உயரத்திற்கும் சராசரி உயரத்திற்கும் உள்ள விகிதமே நம் பாடத்தின் உயிர்நிலை. மாசற்ற ஒற்றைச் சுருதியில் இவ்விகிதம் 1.41, நாகஸ்வரம், சுருதிப்பெட்டி போன்று இடையறாது ஒலிப்பனவற்றில் மிகுதியன்று, கடம், கஞ்சிரா, மிருதங்கம் ஆகியவற்றிலோ பன்மடங்கு பெரிது.

மிருதங்கம் பௌதிக சாஸ்திரத்திற்குப் புதிய விருந்தாளி அன்று என்பதையும் இடையே கூறிவிடுதல் தகும். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்ற சி. வி. ராமன் அவர்கள், கல்கத்தாவில் இருந்தபொழுது, 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இம்முழவைப் பற்றி ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். 1934-இல் விரிவாகவும் எழுதினார். சாதாரண முழவுகளின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் நிற்க, மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்பெறும் கருஞ்சாந்து அம்மேற்சுரங்களை முழுவெண் விகிதத்திற்குக் கொணர்கின்றது என்பதை அவர் காட்டினார். தம்புராவோடு மிருதங்கத்தைச் சுருதி கூட்டுதல் இயல்வது இதனாலேயே. இத்துணை நுட்பமாக அமைக்கப்பெற்ற நாதத்தை முள்ளின் அறியாமையால் சிதைத்துவிடுதல் நியாயமாகாது.

இனி அளவைக்கு வருவோம். டெசிபெல் என்பது ஒரு நீளத்தையோ எடையையோ போன்ற தனி அளவன்று. இரண்டு அளவுகளுக்கிடையே உள்ள விகிதத்தைக் குறிப்பது. மின்னழுத்தம் இரு மடங்கானால் 6 டெசிபெல் ஏற்றம். பத்து மடங்கானால் 20. ஆயிரம் மடங்கானால் 60. செவி உணரும் மிக நுண்ணிய ஒலியின் அழுத்தத்தை 20 மைக்ரோபாஸ்கல் என வைத்து, அதனை 0 டெசிபெல் என்கின்றனர். செவிக்கு வேதனை தரும் 120 டெசிபெல் ஒலியின் அழுத்தம் அதனைப்போல் பத்து லட்சம் மடங்கு. இத்தகைய பரந்த வீச்சை மரக்கால் கணக்கில் எழுதப் புகுந்தால் தாள் போதாது. செவியும் விகிதத்தாலேயே உணர்கின்றது என்பது மற்றொரு வசதி: நடுத்தர உயரமுடைய சுரத்தில் 10 டெசிபெல் ஏற்றினால் ஒலி இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும் என்பது பொதுவான மதிப்பு. ‘சிறிது ஏற்று’ என்று மேடையிலிருந்து கையசைக்கும் வித்வான் எவ்வளவு கேட்கின்றார் என்பதை இதனால் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒலியை முள்ளால் அளக்கும் தேவை நம் நகரத்திற்கு வானொலியோடு வந்தது. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் அது 1927-இல் நின்றுபோக, சென்னை நகராட்சி 1930-இல் அப்பணியை ஏற்று நடத்திற்று. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் பிறந்தது. 1954-இல் மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய இப்போதைய கட்டிடத்திற்குப் பெயர்ந்தது. வானொலி நிலையத்தில் அளவு தவறினால் விளையும் தீங்கு இருவகைப்படும். ஒலி மிகத் தாழ்ந்தால் இரைச்சலில் மூழ்கும். மிக உயர்ந்தாலோ, மத்திய அலை ஒலிபரப்பில், ஊர்தி அலையே ஒரு கணம் அற்றுப்போய், ஒலி உடைந்து, அடுத்த நிலையத்தின் எல்லைக்குள்ளும் சிதறும். நம் வீட்டுச் சண்டை அயல் வீட்டாருக்கும் இடையூறாவது போல்வது இது. ஆகவே மேலெல்லையும் கீழெல்லையும் காட்டும் கருவி இன்றியமையாததாயிற்று.

சென்னை நிலையம் தோன்றிய மறு ஆண்டாகிய 1939-இல், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தாரும், சி.பி.எஸ்., என்.பி.சி. என்னும் இரு வானொலி நிறுவனத்தாரும் கூடி வி.யு. மீட்டர் என்னும் கருவியை வகுத்தனர். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மானியை வைத்திருந்தது. ஒரே பாட்டு ஓரிடத்தில் ஓர் எண்ணையும், மற்றோரிடத்தில் வேறோர் எண்ணையும் காட்டியது. தொலைபேசிக் கம்பி வழியே நிகழ்ச்சியை அனுப்புவோனும் பெறுவோனும் ஒருவரை ஒருவர் குறைகூறுவதே வழக்கமாயிருந்தது. சின், கானெட், மோரிஸ் என்னும் மூவர் 1940-இல் வெளியிட்ட கட்டுரை இப்புதிய மானியின் இலக்கணத்தைக் கூறுகின்றது. கண் களைப்புறாமலிருக்க முகப்பட்டைக்கு வெண்ணெய் நிறம் தேர்ந்தனர் என்பது வரை அதில் உளது.

அம்மானியின் உறுப்புகள் சில. மாறுதிசையாக வரும் மின்னோட்டத்தைத் தாமிர ஆக்ஸைடு திருத்தி ஒருதிசைப்படுத்துகின்றது. அவ்வோட்டம் காந்தத்தின் முனைகளிடையே தொங்கும் கம்பிச்சுருளில் பாய்ந்து முள்ளை நகர்த்துகின்றது. வில் அதனைப் பின்னிழுக்கின்றது. முகத்தில் -20 முதல் +3 வரை கோடுகள். 0 என்னும் கோடு முழு வீச்சில் ஏறக்குறைய 71 சதவீதத்தில் நிற்கும். 600 ஓம் கம்பியில் 1.228 வோல்ட் அளவுள்ள 1000 ஹெர்ட்ஸ் சுருதியைச் செலுத்தினால் முள் 0-இல் நிற்க வேண்டும். இவையனைத்தினும் முக்கியமானது முள்ளின் வேகம். இடையறாத சுருதி ஒன்றைத் திடீரெனக் கொடுத்தால், முள் தன் இறுதி நிலையில் 99 சதவீதத்தை 300 மில்லிசெகண்டில் எட்ட வேண்டும். எட்டியபின் ஒன்று முதல் ஒன்றரை சதவீதமே தாண்டிச்சென்று திரும்ப வேண்டும்.

இந்த 300 மில்லிசெகண்டு ஒரு குறைபாடன்று, அது விரும்பி வைத்த நிதானம். பேச்சில் ஓர் அசைக்கும் மற்றோர் அசைக்கும் இடையே முள் பதறாமல், கேட்போன் உணரும் உரத்த தன்மையை ஓரளவு தொடர்ந்து காட்டவேண்டும் என்பதே நோக்கம். செவியும் மிகக் குறுகிய ஒலியை அதன் முழு உயரத்திற்கேற்ப உணர்வதில்லை. சிறிது காலம் கூட்டிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுகின்றது. ஆகவே வி.யு. மீட்டர் செவியின் பக்கம் நிற்கும் சாட்சி. ஆனால் சிகரத்தைக் கேட்டால் அது பொய்ச்சாட்சி. சில மில்லிசெகண்டில் எழுந்து விழும் மிருதங்க அடியின் முன், அம்முள் எழத் தொடங்குவதற்குள் அடி முடிந்துவிடுகின்றது. பேச்சிலும் இசையிலும் உண்மையான சிகரம் முள் காட்டும் இடத்திற்கு 10 டெசிபெல்லுக்கும் மேல் நிற்பது சாதாரணம்.

அட்லாண்டிக் கடலின் இக்கரையில் இருந்தோர் வேறு வழி சென்றனர். ஜெர்மானியர் 1930-களின் இடையில் உச்சமானியை அமைத்தனர்; பி.பி.சி. நிலையத்தார் 1938-இல் தங்கள் உச்சமானியை வகுத்தனர். அதன் முகம் கறுப்பு, முள் வெள்ளை. 1 முதல் 7 வரை எண்கள். எண்ணுக்கு எண் 4 டெசிபெல். சிகரம் 6-ஐத் தாண்டலாகாது என்பது அந்நிலையத்தின் கட்டளை. உள்ளே நிகழ்வது எளிமையானது. சிகரம் வரும்பொழுது ஒரு மின்தேக்கி விரைவாக நிரம்புகின்றது. பின் மெதுவாகக் காலியாகின்றது. குடத்தை அகன்ற வாயால் நிரப்பி ஊசித்துளையால் ஒழுகவிடுவதுபோல். 10 மில்லிசெகண்டே நிற்கும் சுருதியைக் கொடுத்தாலும் உண்மை அளவினும் 2 அல்லது 3 டெசிபெல்லே குறைத்துக் காட்டும். மேலேறிய முள் 7-இலிருந்து 1-க்கு, அதாவது 24 டெசிபெல், இறங்க 2.8 செகண்டு எடுத்துக்கொள்ளும். இங்ஙனம் அது வேகமாக ஏறி மெதுவாக இறங்குவதால் காண்போன் கண்ணும் சோர்வதில்லை.

மிகக் குறுகிய சிகரத்தை இம்மானியும் முழுவதும் காட்டவில்லையே என வாசகர் வினவலாம். அஃது அறிந்தே செய்தது. ஓரிரு மில்லிசெகண்டு மட்டும் நிகழும் சிதைவை மனிதச் செவி எளிதிற் கண்டுகொள்ளாது. அதற்கு அஞ்சி நிகழ்ச்சி முழுவதையும் தாழ்த்துதல் வீண் என்று அக்காலத்தார் கருதினர். அக்காலப் பதிவுக் கருவிகளும் அக்கருத்துக்கு இடங்கொடுத்தன. காந்த நாடா தன் எல்லையைத் தாண்டும்பொழுது சிகரத்தை வெட்டுவதில்லை, மெல்ல அழுத்தி உருண்டையாக்கும். தவற்றைப் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்போல் அது நடந்துகொண்டது.

இப்பொழுது ஒரு தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கின் பொருட்டு ஒரு நிலையைக் கற்பித்துக்கொள்கின்றோம். பாடகர் பாடும்பொழுது வி.யு. முள் 0-ஐ ஒட்டி ஆடுமாறு பலகையார் அளவை வைத்துள்ளார். பதிவுக் கருவியின் மேலெல்லை அந்த 0-க்கு 10 டெசிபெல் மேலே உளது. பாட்டுக்கு அது போதும். பல்லவி முடிந்து தனி தொடங்குகின்றது. முள் -3-ஐத் தாண்டவில்லை. பலகையார் மனநிறைவுடன், ஒருவேளை சபையின் உணவுவிடுதியில் இன்று என்ன பலகாரம் என எண்ணிக்கொண்டும் இருக்கலாம். ஆனால் சாப்பு அடி ஒவ்வொன்றின் சிகரமும் முள்ளுக்கு 16 டெசிபெல் மேல் நிற்குமாயின், அது 0-க்கு 13 மேலே, எல்லைக்கு 3 மேலே. அம்மூன்று டெசிபெல் பதிவாவதில்லை. 3 டெசிபெல் என்பது அலையின் உயரத்தில் ஏறக்குறைய 29 சதவீதம். ஒவ்வொரு சாப்பின் தலையும் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாகின்றது.

தட்டையான அலை, முன்பு இல்லாத மேற்சுரங்களைத் தானே பிறப்பிக்கும். அதனால் ‘நம்’ என்பதற்கும் ‘தீம்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை மங்கும்; தொப்பியின் கும்கி முனை மழுங்கும்; எல்லா அடியும் பலகையைத் தட்டுவது போன்ற ஓர் ஓசையை நோக்கிச் சாயும். அன்றியும், கச்சேரி முழுவதும் ஒரே கம்பியில் கலந்து செல்லுமாயின், வெட்டு மிருதங்கத்தை மட்டும் தீண்டி நிற்பதில்லை. பாடகரின் சங்கதியின் நடுவே விழும் ஓர் அடி வெட்டுப்படும்பொழுது, அக்கணத்தில் குரலும் தம்புராவும் கூடவே வெட்டுப்படுகின்றன. குரலில் ஒருவித முரடு ஏறியதாகக் கேட்போர் கூறுவர். வித்வானுக்குத் தொண்டை சரியில்லை என்றும் முடிவு கட்டுவர். குற்றம் யாருடையது என்பதை முள் சொல்லாது.

எண்முறைப் பதிவு வந்தபின் இவ்விடர் மிகுந்தது. எண்முறையில் ஒலி படிக்கட்டுகளாக எழுதப்படுகின்றது. குறுந்தகட்டில் செகண்டுக்கு 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். உச்சப்படிக்கு மேல் எழுத எண்ணே கிடையாது. நாடாவைப்போல் பொறுமை காட்டுவதில்லை. எல்லையைத் தொட்டவுடன் வெட்டு. ஆகவே எண்முறை மானியில் உச்சப்படியே 0. மற்றவை யாவும் அதற்குக் கீழ்ப்பட்ட கழித்தல் எண்கள். பழைய வி.யு. மீட்டரில் 0 என்பது வழக்கமாக நிற்கும் இடம். எண்முறை மானியில் 0 என்பது சுவர். இவ்வேற்றுமையை அறியாது பழைய பழக்கத்தில் 0-ஐ நோக்கி அளவை ஏற்றுவோர் சுவரில் முட்டிக்கொள்வர்.

இதிலும் ஒரு சூட்சுமம் மறைந்துள்ளது. மானி பார்ப்பது படிகளை மட்டுமே. படிக்கும் படிக்கும் இடையே அலை எவ்வளவு உயர்ந்தது என்பதை அது பாராது. 44,100 முறை அளக்கும் கருவியில் 11,025 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை எண்ணிப்பாருங்கள். ஒவ்வோர் அலைக்கும் நான்கே அளவுகள். அவ்வளவுகள் சிகரத்தில் விழாமல் சிகரத்தின் இருமருங்கும் சம தூரத்தில் விழுமாயின், நான்கும் உண்மை உயரத்தில் 0.707 பங்கையே காட்டும். மானி -3 எனச் சொல்லும். உண்மைச் சிகரமோ 0-இல் நிற்கும். அளவுகளே 0-ஐத் தொட்டிருந்தால் சிகரம் சுவருக்கு 3 டெசிபெல் அப்பால். பதிவு மீண்டும் ஒலியாக மாறும்பொழுது அந்த மறைந்த சிகரம் தலைகாட்டி உடையும். இதற்கு மாற்றாக, படிகளுக்கிடையே நான்கு மடங்கு நெருக்கமாகக் கணக்கிட்டு மெய்ச்சிகரத்தை மதிக்கும் மானிகள் இக்காலத்தில் வழங்குகின்றன. அவை காட்டும் எண் -1-ஐத் தாண்டலாகாது என்பது ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கத்தின் விதி.

சிகரத்தைப் பற்றிய வினாவுக்கு இவ்வாறு விடை கிட்டியது. செவியின் வினா நின்றது. நாகஸ்வரமும் வீணையும் ஒரே உச்சத்தைத் தொடுமாறு இரண்டு பதிவுகளைச் செய்து அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளிலும் சுவாமி புறப்பாட்டுடன் செல்வதற்கென்றே அமைந்த நாகஸ்வரம், இடையறாத நாதத்தால் பன்மடங்கு உரத்துக் கேட்கும்; மீட்டியவுடன் எழுந்து தேயும் வீணை ஒடுங்கி நிற்கும். சிகரத்தால் சமன் செய்தோன் செவிக்குச் சமன் செய்தவனாகான். சிகரத்தை மட்டும் அளக்கும் நிலையங்களில் விளம்பரத்தார் இப்பிழையைப் பயன்படுத்திக்கொண்டனர். சிகரங்களை நசுக்கிச் சராசரியை ஏற்றினால், விதியை மீறாமலே நாடகத்தின் நடுவே நம்மை நாற்காலியிலிருந்து தூக்கிப்போடலாம். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், விளம்பரத்தின் ஒலி மிகையாக உரத்திருத்தலாகாது என்று கூறுகின்றன. உரத்தது எது என்பதை எவ்வாறு அளப்பது என்பதே கேள்வி.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் ஒரு முறையை வெளியிட்டது. அதன்படி, ஒலி முதலில் ஒரு வடிகட்டியின் வழியே செல்லும். அவ்வடிகட்டி மிகத் தாழ்ந்த சுரங்களைக் குறைத்து, ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை 4 டெசிபெல் அளவு உயர்த்தும். ஏனெனில் செவியும் அங்ஙனமே பாரபட்சமுடையது. பின்னர் 400 மில்லிசெகண்டு நீளமுள்ள துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படியுமாறு, ஆற்றலைச் சராசரி காண்பர். மௌனமான இடங்கள் சராசரியைத் தாழ்த்திவிடாதிருக்க, வரம்புக்குக் கீழ்ப்பட்ட துண்டுகளைத் தள்ளிவிடுவர். தள்ளியபின் எஞ்சியவற்றின் சராசரியே நிகழ்ச்சியின் உரப்பு; அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் 2010-இல் -23 என்பதைத் தங்கள் பொதுநிலையாகக் கொண்டனர். இம்முறை கச்சேரிக்கு மிக உகந்தது என்பது எம் கருத்து. விருத்தத்தின் மெல்லிய பகுதியும் தனி ஆவர்த்தனத்தின் முழக்கமும் தத்தம் இடத்தில் நிற்கலாம். முழுமையின் சராசரியே பார்க்கப்படுவதால், ஒவ்வொரு கணத்தையும் ஒரே மட்டத்திற்கு இழுக்கும் அவசியமில்லை.

பதிவைப் பற்றி இவ்வளவும் கூறினோம். அரங்கினுள்ளும் தெருவிலும் அமர்ந்திருக்கும் மனிதனின் செவிக்கு வேறொரு மானி உண்டு. 1930-களில் ஒலிவாங்கி சென்னை மேடைகளில் புகுமுன், பின்வரிசைக்கும் எட்டுமாறு உயர்ந்த சுருதியில் பாடும் வன்மை பாடகர்க்கு வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்தபின் தாழ்ந்த சுருதியும் நுண்ணிய கமகமும் மேடையில் இடம்பெற்றன. அது பெரிய வரவே. ஆனால் அதே கருவி இன்று முந்நூறு பேர் அமரும் கூடத்தில் மூவாயிரம் பேருக்கு வேண்டிய ஒலியைக் கொட்டுவதையும் காண்கின்றோம். ஒருவர் ஏற்ற மற்றவரும் ஏற்றக் கேட்பதால் வரும் வினை இது.

இதனை அளக்கும் மானி, செவியின் பாரபட்சத்தைப் பின்பற்றும் ‘ஏ’ வடிகட்டியை உடையது. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட 100 ஹெர்ட்ஸை 19 டெசிபெல் குறைத்து மதிக்கும். விரைவு நிலையில் 125 மில்லிசெகண்டும், மெது நிலையில் ஒரு செகண்டும் அதன் காலவரை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார், 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என வரம்பு வகுத்து, 3 டெசிபெல் ஏறுந்தோறும் காலத்தைப் பாதியாக்குகின்றனர். 94 ஆனால் ஒரு மணி. 100 ஆனால் கால்மணி. ஒலிபெருக்கியின் வாயில் முதல் வரிசையில் இரண்டரை மணி நேரம் அமரும் முதிய ரசிகரையும், நாள்தோறும் மூன்று கச்சேரி வாசிக்கும் இளைய மிருதங்க வித்வானையும் இக்கணக்கோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். அழிந்த உட்செவி மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

தெருவுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்லும், வணிகப் பகுதியில் 65-உம் 55-உம், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சூழ்ந்த அமைதிப் பகுதியில் 50-உம் 40-உம் எல்லைகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் தொடங்கிய இடையறாக் கண்காணிப்பில் தியாகராய நகரும் ஓரிடமாகச் சேர்ந்தது. இங்கே அளக்கப்படுவது சிகரமன்று, ஆற்றலின் சராசரி. அச்சராசரி எண்களைக் கூட்டி வகுத்தலன்று என்பதை ஒரு கணக்கால் காட்டுவோம். ஒரு மணி நேரத்தில் 59 நிமிடம் 60 டெசிபெல்லும், ஒரே நிமிடம் 85 டெசிபெல்லும் நிலவியதாகக் கொள்க. எண்களைச் சராசரி கண்டால் 60-க்குச் சற்று மேல் வரும். ஆற்றலைச் சராசரி கண்டாலோ 68! ஒரு நிமிட வாகன ஊதல் மணி முழுவதையும் வணிக எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டது. பனகல் பூங்காவைச் சுற்றித் தீபாவளிக் காலத்தில் நடந்து சென்றோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இறுதியாக, மாணவர் தம் கையாலேயே செய்யத்தக்க ஒரு சோதனையைக் கூறி நிறுத்துகின்றோம். கைபேசியில் சுருதி எழுப்பும் செயலி ஒன்றைக்கொண்டு 1000 ஹெர்ட்ஸ் சுருதியை ஒலிப்பலகைக்குள் செலுத்துங்கள். பலகையின் வி.யு. முள் 0-இல் நிற்கும்பொழுது பதிவுக் கருவியின் எண்முறை மானி என்ன காட்டுகின்றது எனக் குறித்துக்கொள்ளுங்கள். அது -20-ஐ ஒட்டி நிற்குமாறு பதிவுக் கருவியின் ஏற்றத்தைத் திருத்துங்கள். 24 பிட் பதிவில் இவ்வளவு தாழ்வு எவ்விதத் தீங்கும் செய்யாது. பின் சுருதியை ஒரு செகண்டு, 300 மில்லிசெகண்டு, 100, 30, 10 என வரவரக் குறுகிய துண்டுகளாக, உயரம் மாறாமல் கொடுங்கள். எண்முறைச் சிகரமானி எல்லாவற்றிற்கும் ஒரே எண்ணைக் காட்டும். முள் துண்டுக்குத் துண்டு தாழ்ந்துகொண்டே வரும். 300 மில்லிசெகண்டுத் துண்டில் முள் 0-ஐ ஏறக்குறைய எட்டவில்லையெனில், அதன் முகத்தில் வி.யு. என்று எழுதியிருந்தாலும் அது வி.யு. மீட்டர் அன்று, படத்தில் ஆடும் முட்கள் பல இத்தகையன. அடுத்து ஒலிவாங்கியின் முன் சுருதிப்பெட்டி, பேச்சு, கடம் ஆகிய மூன்றையும் முள் ஒரே இடத்தைத் தொடுமாறு ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் சிகரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கடத்தின் எண்ணுக்கும் சுருதிப்பெட்டியின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே, அடுத்த விழாவில் மேலே விட்டுவைக்க வேண்டிய இடத்தின் அளவு. சோதனைக்கு அரைமணி நேரம் போதும். கடம் மட்டும் இரவல் வாங்கவேண்டும்.